கிளாஸா, ஃபோனா, திண்ணையா? டெல்டாவில் செஸ் கற்க எந்த வழி

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரெனை 7.5–6.5 என்று வென்று, 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதிலிருந்து பள்ளி வாசலில் என்னைப் பிடித்து நிறுத்தும் பெற்றோர் கூடிவிட்டார்கள். நான் கணக்கு வாத்தியார். செஸ் பொறுப்பும் என் தலையில்தான். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "சார், பையனை கிளாஸ்ல சேக்கலாமா, இல்ல ஃபோன்லயே கத்துக்கட்டுமா?" சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி. அங்கே கிராண்ட்மாஸ்டர்களே நடத்தும் அகாடமிகள் இருக்கின்றன. எது பக்கம், எது தூரம் என்பதுதான் அவர்கள் கவலை. மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் திருத்துறைப்பூண்டியிலும் இருப்பவர்கள் கைக்கு எட்டுவதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கைக்கு எட்டுவது என்று பார்த்தால் வீட்டுப் பெரியவர், பள்ளி, ஊரில் சனி ஞாயிறு நடக்கும் கிளாஸ், ஆன்லைன் கோச், ஃபோன் ஆப், புத்தகம், அப்புறம் போட்டிகள். இவற்றை எதை வைத்து எடைபோடுவது என்பதில்தான் குழப்பம். சிலர் கட்டணத்தைப் பார்க்கிறார்கள், சிலர் கோச் வாங்கிய பட்டத்தை, சிலர் அவர் அலமாரியில் அடுக்கியிருக்கும் கோப்பைகளை. நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: பிள்ளை தோற்ற ஆட்டத்தைக் கூட உட்கார்ந்து யார் திரும்ப ஆடிப் பார்க்கிறார்கள்? ஜெயித்த ஆட்டம் பெரிதாக ஒன்றும் கற்றுத் தராது. எதிராளி ராணியைச் சும்மா கொடுத்திருப்பான், நம் பையன் வெட்டியிருப்பான், அவ்வளவுதான். தோற்ற ஆட்டத்தில் எந்த இடத்தில் கணக்கு தப்பியது, அந்த நேரம் மனசில் என்ன ஓடியது என்று தோண்டி எடுக்கிற வேலையில்தான் ஆட்டம் வளர்கிறது. அந்த வேலையை எந்த வழி செய்கிறது, எது நைசாக நழுவிவிடுகிறது என்று பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

இதைச் சோதிக்க நான் வைத்திருக்கும் ஒரு நிலையைச் சொல்கிறேன். பலகை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மூன்றே காய்கள்தான். வெள்ளைக்கு ராஜாவும் ஆறாவது வரிசைக்கு வந்துவிட்ட ஒரு சிப்பாயும். ஓரச் சிப்பாய் இல்லை, நடுச் சிப்பாய். கறுப்புக்கு ராஜா மட்டும். அது சிப்பாய்க்கு நேர் முன்னால் மறித்து நிற்கிறது. சிப்பாய்க்கு நேர் பின்னால் இருந்த வெள்ளை ராஜா இப்போதுதான் பக்கவாட்டில் ஒரு கட்டம் நகர்ந்தது. கறுப்பின் முறை. பின்வாங்க மூன்று கட்டங்கள்: நேர் பின்னால், அல்லது குறுக்காக இடமோ வலமோ. நேர் பின்னால் போனால் டிரா. குறுக்காக எந்தப் பக்கம் போனாலும் தோல்வி.

ஏன்? நேர் பின்னால் போய் நின்றால், வெள்ளை ராஜா அடுத்து எந்தப் பக்கம் ஏறினாலும் நடுவில் ஒரு கட்டம் விட்டு அதற்கு நேர் எதிரே போய் நிற்கலாம். அப்புறம் சிப்பாய் செக் சொல்லிக்கொண்டு ஏழாவது வரிசைக்கு வரும். கறுப்பு ராஜா மறுபடி அதன் முன்னால் போய் நிற்கும். சிப்பாயைக் காப்பாற்ற வெள்ளை ராஜா அதன் பின்னால் வந்தே ஆக வேண்டும். வந்தால் கறுப்புக்கு நகர இடமில்லை, ஸ்டேல்மேட். குறுக்காகப் போயிருந்தால் இந்த எதிர்நிலை வெள்ளையின் கைக்குப் போய்விடும். சிப்பாய் செக் இல்லாமல் ஏழாவது வரிசைக்கு வரும், கறுப்பு ராஜா விலக வேண்டியிருக்கும், அடுத்து ராணிதான். ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம் இது. ஆனால் எப்படிப் புரியவைக்கிறார்கள் என்பதில் ஒவ்வொரு வழியின் குட்டும் வெளிப்பட்டுவிடும்.

முதலில் வீடு. மயிலாடுதுறைக்காரர்கள் சொல்லிச் சலிக்காத செய்தி ஒன்று உண்டு: விஸ்வநாதன் ஆனந்த் 1969 டிசம்பர் 11 அன்று பிறந்தது அங்கேதான். வளர்ந்தது சென்னையில். ஆறு வயதில் அவருக்குச் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பாவின் வேலைக்காகக் குடும்பம் மணிலாவில் இருந்தபோது அங்கே டிவியில் செஸ் நிகழ்ச்சி ஒன்று வரும். மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். அம்மா அதில் வரும் புதிர்களைக் குறித்து வைப்பார். மகன் வந்ததும் இருவரும் உட்கார்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் 1988இல் வந்ததற்கு எத்தனையோ காரணம் சொல்லலாம். அந்தக் குறித்து வைத்த காகிதங்களும் அதில் ஒன்று என்று நான் நினைக்கிறேன். அதற்கு ரேட்டிங் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) வேண்டாம், காசும் வேண்டாம்.

நம் வீடுகளில் குறை வேறு இடத்தில் இருக்கிறது, விதிகளில். திண்ணையில் தாத்தாவிடம் கற்ற பிள்ளைகள் பலர், முதல் முறை இரண்டு சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தலாம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். கடைசி வரிசையைத் தொட்ட சிப்பாய்க்குப் பதிலாக வெட்டுப்பட்ட காயைத்தான் திரும்ப எடுக்கலாம் என்பார்கள். உண்மையில் ராணி பலகையில் இருக்கும்போதே இன்னொரு ராணி எடுக்கலாம். ஸ்டேல்மேட்டை வெற்றி என்பார்கள், அது டிரா. ஆன்பாசான் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஐந்தாவது வரிசையில் நிற்கும் நம் சிப்பாய்க்குப் பக்கத்தில் எதிராளியின் சிப்பாய் இரண்டு கட்டம் தாவி வந்து நின்றால், அடுத்த நகர்த்தலிலேயே அதை ஒரு கட்டம்தான் வந்ததாகப் பாவித்து வெட்டலாம் என்கிற விதி அது. முதல் போட்டியில் எதிராளி இப்படி வெட்டியதும் "ஏமாத்துறான்" என்று கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பதும் வீட்டில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஆகவே தாத்தாவோடு ஆடட்டும், தினமும் ஆடட்டும். விதிகளை மட்டும் ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். தாத்தாவுக்கும் சேர்த்து.

பக்கத்தில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடி போகிற வழியில் திருப்பூவனூர் இருக்கிறது. அங்கே சதுரங்க வல்லபநாதர் கோயில். சதுரங்கத்தில் யாராலும் வெல்ல முடியாத இளவரசியோடு சிவபெருமான் சித்தர் வேடத்தில் வந்து ஆடி ஜெயித்தார் என்பது தலபுராணம். 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமர் இந்தக் கோயிலைப் பற்றிப் பேசிய பிறகு, போட்டிக்கு முன்னால் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். சாமி கும்பிட்டு வரட்டும், நல்லதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில், போன வாரம் தோற்ற ஆட்டத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் இன்னும் நல்லது.

பள்ளியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பீரோவில் பலகைகள் இருக்கும், குதிரை ஒன்று குறையும், அதற்குப் பதில் சாக்பீஸ் நிற்கும். வட்டார, மாவட்டப் போட்டிகளும் முதலமைச்சர் கோப்பையும் வரும் சமயத்தில் வெளியே எடுப்போம். பள்ளியின் பலம் காசில்லாமல் தினமும் ஆள் கிடைப்பது. மதிய இடைவேளையில் சாப்பிட்டு முடித்ததும் ஆடும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடான வசதி வேறு எங்கும் இல்லை. பலவீனம், ஒவ்வொருவரின் ஆட்டத்தையும் உட்கார்ந்து பார்க்க வாத்தியாருக்கு நேரம் இல்லாதது. அதனால் பள்ளியை ஒரு களமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உள்ளூர் கிளாஸ். தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாதிரி ஊர்களில் இப்போது கிளாஸ் கிடைக்கிறது. சின்ன ஊர் என்றால் பஸ் ஏற வேண்டும். நடத்துபவர் பெரும்பாலும் கல்லூரிக் காலத்தில் பல்கலைக்கழக அணிக்கோ மாவட்டத்துக்கோ ஆடியவர். வேறு வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு சொல்லித் தருவார். வீட்டு மாடியில் நீள மேசை, சுருட்டி வைக்கிற ரெக்ஸின் பலகைகள், காய் வைக்கத் துணிப்பை, நாலைந்து கிளாக். இங்கே பிள்ளை கற்கும் முதல் நல்ல பழக்கம் ஆட்டத்தை எழுதுவது. ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் குறிக்கும் நொட்டேஷன் பழகிவிட்டால் ஆட்டம் காற்றோடு போகாது. ராத்திரி வீட்டில் திரும்ப வைத்துப் பார்க்கலாம். இரண்டாவது, கிளாக்கை வைத்து ஆடுவது. மூன்றாவது, தன்னைவிடச் சின்னப் பிள்ளையிடம் தோற்று அதைத் தாங்கிக்கொள்வது. இந்த மூன்றையும் ஃபோன் கற்றுத் தராது. எட்டிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்களுக்கு உள்ளூர் கிளாஸே சரி என்று நான் சொல்வதற்கு இவைதான் காரணம்.

ஆனால் எல்லாக் கிளாஸும் ஒன்றில்லை. ஒரு மையத்தில் பிள்ளைகளை லெவல் லெவலாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு சான்றிதழ், ஒவ்வொரு லெவலுக்கும் தனிக் கட்டணம் என்று நடத்துகிறார்கள். அங்கே இரண்டாம் லெவல் முடித்த ஒரு பெண்ணிடம் மேலே சொன்ன சிப்பாய் நிலையை வைத்துக் கேட்டேன். கையைப் பிசைந்துகொண்டு குறுக்காகப் போனாள். நாலு நகர்த்தலில் மேட் கொடுக்கிற வித்தை மட்டும் விரல் நுனியில் இருந்தது. அது ஒன்பது வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் கோப்பை வாங்கித் தரும், பெற்றோருக்கும் சந்தோஷம். தடுக்கத் தெரிந்தவன் ஒருவன் எதிரில் உட்கார்ந்ததும், அவசரமாக வெளியே வந்த ராணியைத் துரத்தியே அவன் தன் காய்களை எல்லாம் நல்ல இடங்களுக்குக் கொண்டு வந்துவிடுவான்.

அதனால் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். நல்ல கோச் சம்மதிப்பார். அவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே இருக்கிறாரா, பிள்ளைகளை யோசிக்க விடுகிறாரா? பிள்ளைகள் எழுதிய தாளை வாங்கிப் பார்க்கிறாரா? என் சிப்பாய் நிலையைக் கேட்டுப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். "நேர் பின்னால போகணும், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று சொன்னால் சுமார். இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே உட்காரவைத்து, வெள்ளை ஒரு தடவை, கறுப்பு ஒரு தடவை என்று மாற்றி மாற்றி ஆடவிட்டு, அவர்களாகவே "ஓ!" என்று சொல்லும் வரை காத்திருக்கும் கோச் கிடைத்தால் விடாதீர்கள். அவருக்கு ரேட்டிங் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் கிளாஸ் அடிக்கடி நின்றுபோகும். அந்த நாட்களுக்கு ஏதாவது கொடுத்தனுப்புகிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஆன்லைன் கோச் என்பது கொரோனாவுக்குப் பிறகு ஊருக்குள் வந்த வழி. தனியாக ஒருவருக்கு ஒருவர் என்றால், என் அளவுகோலில் இதுதான் முதல் இடம். பிள்ளை ஆடிய ஆட்டத்தைத் திரையில் வைத்து, "இந்த இடத்துல என்ன நெனச்ச?" என்று கேட்க ஒரு ஆள் முழு மணி நேரம் இருக்கிறார். சென்னையில் இருக்கும் கோச்சை வேதாரண்யத்தில் இருந்துகொண்டே பிடிக்கலாம். கட்டணம் உள்ளூர் கிளாஸைவிடப் பல மடங்கு போகும். கரண்ட், சிக்னல் இரண்டும் ஒத்துழைக்க வேண்டும். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை திரை முன்னால் ஒரு மணி நேரம் நிற்காது. நாற்காலியில் சுற்ற ஆரம்பித்துவிடும். பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து நடத்தும் ஆன்லைன் குழு வகுப்பை நான் பரிந்துரைப்பதே இல்லை. கூட ஆட ஆளும் நேரில் இல்லை, உங்கள் பிள்ளையின் ஆட்டத்தைப் பார்க்கவும் நேரம் இல்லை. கேமராவை அணைத்துவிட்டு இன்னொரு பக்கம் கேம் ஆடும் பிள்ளைகளைக் கேட்டால் உண்மை தெரியும்.

கோச்சின் பட்டத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆர்.பி. ரமேஷ் கிராண்ட்மாஸ்டர், பிரக்ஞானந்தாவையும் வைஷாலியையும் வளர்த்தெடுத்தவர். நன்றாக ஆடுவதும் நன்றாகச் சொல்லித் தருவதும் அவர் ஒருவரிடமே சேர்ந்தது நம் அதிர்ஷ்டம், எல்லோரிடமும் சேராது. செலவு இடித்தால் ஒரு வழி இருக்கிறது. வாரம் மூன்று வகுப்புப் பேக்கேஜை வாங்காமல், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மட்டும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அதைத் தோற்ற ஆட்டங்களைப் பார்ப்பதற்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகப் பாடம் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில கோச்சுகள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்கிறவர் கிடைத்தால் உள்ளூர் கிளாஸோடு சேர்த்து இதுதான் டெல்டாவில் கிடைக்கக்கூடிய நல்ல கூட்டு.

இனி ஃபோன். இதைக் கெட்டது என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லிசெஸ் என்கிற செஸ் தளம் முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. திபோ டுப்ளெசி என்கிற பிரெஞ்சுக்காரர் 2010இல் தொடங்கியது. புதிர்கள் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், ஆடிய ஆட்டத்தைக் கணினியை விட்டு அலசச் சொல்லலாம். நான் சொன்ன சிப்பாய், எதிர்நிலைப் பாடம்கூட அதன் பயிற்சிப் பகுதியில் இருக்கிறது. செஸ்.காம் இன்னும் பளபளப்பு, ஆட்களும் அதிகம். ஆனால் காசு கட்டாதவர்களுக்குப் புதிரும் ஆட்ட அலசலும் அளந்துதான் கிடைக்கும். டெல்டாவில் ஒரு பெற்றோர் கேட்டால் லிசெஸ் என்றுதான் சொல்வேன். ஒன்றுக்கு ஒன்று ரேட்டிங்கை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். லிசெஸ் எல்லோரையும் 1500இல் தொடங்கவைக்கிறது, அங்கே எண்கள் பொதுவாகவே உயரமாகத் தெரியும். "சார், எனக்கு 1700" என்று வந்த பையன் பலகையில் உட்கார்ந்தால் குதிரை ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்கும் ஃபோர்க்கைக் கவனிக்காமல் யானையை இழப்பான்.

புதிர்களில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திரையில் புதிர் வந்தாலே அங்கே ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும். ராணியைப் பலி கொடுத்துப் பார்க்கலாம் என்று கை துணியும். ஆட்டத்தில் யாரும் மணி அடித்து "இப்போ யோசி" என்று சொல்ல மாட்டார்கள். அதனால் புதிரில் ராஜாவாக இருப்பவர்கள் ஆட்டத்தில் தடுமாறுவது சகஜம். இதற்கு மருந்து, நேரம் வைத்துப் புதிர் போடும் பந்தயங்களை விட்டுவிட்டு, ஒரு நாளைக்குக் கொஞ்சமே போட்டாலும் கடைசி நகர்த்தல் வரை மனசுக்குள் கண்டுபிடித்த பிறகே காயைத் தொடுவது.

மூன்று நிமிட பிளிட்ஸ், ஒரு நிமிட புல்லட் என்று பிள்ளைகள் ராத்திரி முழுக்கத் தட்டிக்கொண்டிருக்கிறார்களே, அது? இதைச் சொன்னால் உடனே ஆனந்தை இழுப்பார்கள். அவர் சென்னை டால் செஸ் கிளப்பில் பிளிட்ஸ் ஆடி வளர்ந்தவர்தான். தோற்றவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும் என்கிற மாதிரி ஆட்டம் அங்கே. ஆனால் அங்கே எதிரில் மனிதர் இருந்தார், சுற்றி நின்றவர்கள் "அந்த மந்திரியை ஏன் விட்டே?" என்று கேட்டிருப்பார்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு தோற்றதும் அடுத்த ஆட்டத்துக்குப் பட்டனை அமுக்கும் பையனிடம் அப்படிக் கேட்க ஆள் இல்லை. பத்து நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டத்தை வார நாட்களில் நிறுத்திவிடுங்கள். பதினைந்து நிமிடமும் அதற்கு மேலும் ஆடட்டும். ஒன்றிரண்டு ஆடினாலே போதும்.

நல்ல நகர்த்தலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் கணினி எஞ்சின் இன்னொரு ஆபத்து. என் சிப்பாய் நிலையை ஸ்டாக்ஃபிஷ் என்கிற எஞ்சினிடம் கொடுத்தால் நேர் பின்னால் போகும் நகர்த்தலுக்குப் பக்கத்தில் பூஜ்யம், அதாவது சமம், என்று காட்டும், மற்றவற்றுக்குப் பெரிய எண்ணைக் காட்டும். அது சரிதான். ஏன் என்று அது சொல்லாது. பிள்ளை எண்ணைப் பார்த்து "ஓகே, இதுதான் சரி" என்று அடுத்ததற்குப் போய்விடும். குகேஷை அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா 2500 ரேட்டிங் அளவுக்கு வரும் வரை எஞ்சின் பக்கமே விடவில்லை என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினைத் தொடவே கூடாது என்று நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன், கோச் இல்லாத வீட்டில் அதுவும் ஒரு துணை. ஆனால் முதலில் தாளைப் பார்த்து, தான் எங்கே தவறினோம் என்று பிள்ளை பென்சிலால் ஒரு இடத்தை வட்டமிடட்டும். அதன் பிறகு எஞ்சினைத் திறந்து சரியா என்று பார்க்கட்டும். இந்த வரிசை மாறினால் பலன் இல்லை.

புத்தகம்? தமிழில் அடிப்படை விதிகளைத் தாண்டிப் போகும் செஸ் புத்தகங்கள் குறைவு. ஆங்கிலப் புத்தகங்களில் முக்கால்வாசி நொட்டேஷன்தான் என்பதால், பத்தாம் வகுப்புப் பையன் தாராளமாகப் படிக்கலாம். பொறுமை உள்ள, வயதில் கொஞ்சம் மூத்தவர்களுக்கு எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டம், கற்க இதைவிட மலிவான வழி கிடையாது. எட்டு வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால் அட்டை மட்டும்தான் அழுக்காகும்.

போட்டிக்கு வருவோம். இதைப் பலரும் பரிசுக்காக என்று நினைக்கிறார்கள். நான் தோற்ற ஆட்டங்களைச் சேகரிக்கும் இடமாகப் பார்க்கிறேன். எங்கள் மாவட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்திலோ பள்ளி ஹாலிலோ ஒரு நாள் போட்டிகள் நடக்கும். ஸ்விஸ் முறை, தோற்றாலும் வெளியே போக வேண்டாம், எல்லா ரவுண்டும் ஆடலாம். முதல் ரவுண்டு தோற்றவன் அடுத்து தன்னைப் போலத் தோற்றவனோடு ஆடுவான், அதனால் அழுதுகொண்டு வந்த பிள்ளைக்கு மதியத்துக்குள் ஒரு வெற்றியாவது கிடைத்துவிடும். சீக்கிரம் முடிகிற ரேபிட் வகை என்பதால் பல இடங்களில் ஆட்டத்தை எழுதச் சொல்ல மாட்டார்கள். அதனால் ரவுண்டு முடிந்து வெளியே வந்ததும் நினைவில் இருக்கும் வரை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். வாசலில் காத்திருக்கும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "ஜெயிச்சியா?" என்று இருப்பதால்தான் பிள்ளைகள் எழுதுவதில்லை என்பது என் சந்தேகம்.

உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் ரேட்டிங் போட்டிகள் வேறு ரகம். மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை, ஒரு ஆட்டமே மூன்று மணி நேரம் தாண்டும். திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். மன்னை எக்ஸ்பிரஸிலோ உழவன் எக்ஸ்பிரஸிலோ இரண்டு பேருக்கு டிக்கெட், தங்கும் அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், பள்ளிக்கு லீவு. இந்தச் செலவில் உள்ளூர் கிளாஸில் பல மாதம் படிக்கலாம். 2024 மார்ச்சிலிருந்து ரேட்டிங்கின் அடிமட்டம் 1400 ஆகிவிட்டது. ரேட்டிங் உள்ளவர்களோடு குறைந்தது ஐந்து ஆட்டம் ஆடி, கணக்குப் போட்டு வரும் எண் 1400ஐத் தொட்டால்தான் பட்டியலில் பெயர் வரும். அவசரப்பட்டுப் போனால் ரேட்டிங்கும் கிடைக்காது, பிள்ளைக்கும் சோர்வு. மாவட்ட அளவில் தன் வயதுப் பிரிவில் முதல் சில இடங்களுக்குள் வழக்கமாக வரும்வரை இதற்குப் போக வேண்டாம் என்பேன். போகிற நிலை வந்துவிட்டால் போகத் தயங்கவும் வேண்டாம். ஒரு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் உட்காரும் அனுபவத்துக்கு ஈடாக நம் ஊரில் எதுவும் இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் தனியாக ஒன்று. பத்து வயது வரை கிளாஸில் பாதிக்குப் பாதி இருப்பார்கள்; பதிமூன்று, பதினாலில் காணாமல் போய்விடுகிறார்கள். வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது. பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் உலகிலேயே கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் அக்கா தம்பி; இருவரோடும் ஊர் ஊராகப் போனவர் அம்மா நாகலட்சுமி. எல்லா அம்மாவாலும் அது முடியாது, தெரியும். முடியாத வீட்டில் இந்த வயதில் ஆன்லைன் தனிக் கோச்சுக்கு மாறுவதும், இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து முறை வைத்து ஒரு பெரியவர் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போவதும் நடைமுறையில் ஓடுகிற ஏற்பாடு. கிளாஸை நிறுத்துவதற்கு முன் இதை ஒரு முறை யோசியுங்கள்.

ஆக, ஆறு ஏழு வயதுக்கு வீடும் பள்ளியும் போதும். காசு செலவழிக்க வேண்டாம். எட்டிலிருந்து பத்து வரை, பார்த்துத் தேர்ந்தெடுத்த உள்ளூர் கிளாஸ், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் போட்டி. பதினொன்றுக்கு மேல் ஆர்வம் வடியாமல் இருந்தால், கிளாஸோடு இரண்டு வாரத்துக்கு ஒரு ஆன்லைன் தனி வகுப்பு. பஸ் வசதி இல்லாத ஊர், கிளாஸே கிடையாது என்றால் லிசெஸும், ஒரு நோட்டும், ஆட்டத்தைக் கேட்டுக்கொள்ள வீட்டில் ஒரு ஆளும். அந்த ஆளுக்குச் செஸ் தெரியாவிட்டாலும் "இங்க ஏன் இப்படி ஆடினே?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். பிள்ளை விளக்கும்போது பாதித் தவறு அதற்கே தெரிந்துவிடும்.

பெரியவர்கள் சிலரும் கேட்கிறார்கள்: ஓய்வு பெற்றவர்கள், கடையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டவர்கள். உங்களுக்குக் கோச் தேவையே இல்லை. ஒரு எண்ட்கேம் புத்தகம், லிசெஸில் பதினைந்து நிமிட ஆட்டம், வாரத்தில் ஒரு மாலை உங்கள் வயதுக்காரரோடு பலகையில் கிளாக் வைத்து ஒரு ஆட்டம். போட்டிக்குப் போக ஆசை வந்தால் தாராளமாகப் போங்கள். எல்லா வயதினரும் ஆடும் ஓப்பன் பிரிவில் எதிரில் உட்காரும் எட்டு வயதுப் பொடியனின் ரேட்டிங்கை நம்பாதீர்கள். அவன் போன மாதத்தைவிட இந்த மாதம் நன்றாக ஆடுவான், எண் பின்னால்தான் வரும். கால் தரையில் எட்டாமல் தொங்கவிட்டுக்கொண்டு ஆடி உங்கள் யானையை எடுத்துவிடுவான். தோற்றதும் கை கொடுத்துவிட்டு, "வாப்பா, வெளிய போய் இதை ஒரு தடவை வச்சுப் பாப்போம்" என்று கூப்பிடுங்கள். பெரும்பாலும் வந்துவிடுவார்கள், பொடியன்களுக்கு ஜெயித்த ஆட்டத்தைக் காட்டுவதென்றால் அவ்வளவு ஆசை.